ஊசிக்கு ஒரு வீடு

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசுவோர் கப்பல்களைப் பேசுவர். பிரெட்ரிக் கோட்டையைப் பேசுவர். கோணேசர் மலையைப் பேசுவர். அத்துறைமுகத்தை அடுத்துள்ள லிங்கநகர் போன்ற குடியிருப்புகளில், வீட்டு விறாந்தையில் தையற்பொறியை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்தும் பெண்களின் ஊசியைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஊசி சிறிய பொருள். ஆயினும், கையூசியையும் கத்தரிக்கோலையும் நம்பி வாழும் ஒரு குடும்பத்தில், அடுப்பு எரிவதும் எரியாதிருப்பதும் பல வேளைகளில் அந்த ஊசியின் நுனியிலேதான் நிற்கிறது.

கடற்கரை ஊரில் ஊசிக்கு ஒரு பகைவன் உண்டு. அவனே துரு. இரும்பும் ஈரமும் காற்றும் சேருமிடத்தில் துரு பிறக்கிறது என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். கடற்காற்றிலே இவற்றோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. கண்ணுக்குப் புலப்படாத உப்புத் துகள் ஊசியின்மேற் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஊசியைச் சுற்றி மெல்லிய உவர்நீர்ப் படலம் ஒன்று உண்டாகிறது. புதிய ஊசிக்கு நிக்கற் பூச்சு ஒரு கவசமாக இருக்கிறது. நாட்பட நாட்பட அது தேய்ந்துபோகவே, உள்ளிருக்கும் உருக்கு வெளிப்படுகிறது. உள்நாட்டு ஊர்களில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் ஊசி, துறைமுகத்தின் ஓரத்திலே சில கிழமைகளிற் பழுத்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

இப்பகையின் வலிமை ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் அது சற்று அடங்கியிருக்கும். வாடைக்காற்றோடு மழை தொடங்கியதும் தலைதூக்கும். திருகோணமலையின் மழையிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள நான்கு மாதங்களிற் பெய்கிறது. தையல் வேலை மிகுந்திருக்கும் காலமும் அதுவேயன்றோ? தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் என வரிசையாக நாட்கள் வருகின்றன. அவற்றோடு புதிய பாடசாலை ஆண்டுக்கான வெண்ணிறச் சீருடைகளும் வந்து குவிகின்றன. ஊசி அதிகம் உழைக்கவேண்டிய காலமும், அதிகம் துருப்பிடிக்கும் காலமும் ஒன்றாக வருவதே கடற்கரைத் தையற்காரியின் இடர்.

வெள்ளைத் துணியில் துருப்பிடித்த ஊசி ஒருமுறை நுழைந்து வெளிவந்தால், அங்கே பழுப்பு நிறப் புள்ளி ஒன்று விழுகிறது. துணியை நனைத்துப் பிழிந்த பின்னரே அது நன்றாகக் கண்ணிற் படும். இலங்கையில் 1993ஆம் ஆண்டு முதல் பாடசாலை மாணவர்க்கு அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாக வழங்கிவருகிறது. இடையிற் சில ஆண்டுகளில் துணிக்குப் பதிலாகக் கூப்பன் வழங்கப்பட்டது. வறிய வீட்டுத் தாய் ஒருத்தி தையற்காரியிடம் கொண்டுவந்து கொடுப்பது அப்படிக் கிடைத்த ஒரே துணியாக இருக்கலாம். அது கறைபட்டால் மாற்றிக் கொடுக்க அவளிடமும் துணி இல்லை. இவளிடமும் காசு இல்லை. ஒரு சதப் பெறுமதியும் இல்லாத துருவினால் ஒரு கிழமைக் கூலி போகிறது. அதனினும் பெரிதாக, நம்பிக்கை போகிறது.

இதற்கு மாற்று எங்கே கிடைக்கும்? கடையில் அன்று, தையற்பொறியின் காலடியிலே கிடைக்கும். வெட்டிய துணியில் மிஞ்சி உதிர்ந்து கிடக்கும் ஒட்டுத்துண்டுகளே அந்த மாற்று. அவற்றைக் கொண்டு ஊசிமெத்தை, ஊசிப் புத்தகம், தையற் சுருள் ஆகிய சிறு துணைக்கருவிகளைக் கையாலேயே செய்துகொள்ளலாம். ஊசிக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பதுபோன்ற வேலை இது.

இவ்வேலை புதியதன்று. பௌத்த துறவியின் எட்டு உடைமைகளில் ஊசியும் ஒன்று. கந்தைத் துணிகளை இணைத்துச் சீவரம் தைத்து உடுத்த துறவியருக்கு ஊசி இன்றியமையாதிருந்தது. அவர்தம் ஒழுக்க நூலாகிய வினய பிடகத்தின் சுல்லவக்கப் பகுதியில், ஊசி துருப்பிடித்ததென்ற முறையீடும் அதற்குச் சொல்லப்பட்ட பரிகாரங்களும் காணப்படுகின்றன. முதலில் ஊசியை இட்டுவைக்கக் குழல் அனுமதிக்கப்பட்டது. குழலிலும் ஊசி கெட்டது. மாவுப்பொடி நிரப்ப அனுமதி கிடைத்தது. அதிலும் கெட்டது, பின்னர்க் கற்பொடியும் மெழுகும் வந்தன. எலும்பு, தந்தம், கொம்பு ஆகியவற்றால் ஊசிப்பெட்டி செய்துகொள்ளலாகாது என்ற விலக்கும் அந்நூலில் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட துறவியும், இன்றைய கடற்கரைத் தையற்காரியும் எதிர்கொண்ட இடர் ஒன்றே. தமிழிலும் தையலுக்குத் துன்னம் என்னும் பழஞ்சொல் உண்டு. தையற்காரரைத் துன்னகாரர் எனச் சிலப்பதிகாரம் குறிக்கிறது.

திருகோணமலைக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்றுண்டு. 1957 ஒக்டோபர் 15ஆம் நாள் இலங்கையின் கைக்கு மாறும்வரை இத்துறைமுகம் ஆங்கிலக் கடற்படையின் தளமாக விளங்கியது. அக்கடற்படையினர் ஒவ்வொருவரும் ஊசி, நூல், பொத்தான் ஆகியவற்றை அடக்கிய சிறு துணிச்சுருள் ஒன்றை உடன் வைத்திருப்பது வழக்கம். அதற்கு 'ஹஸிஃப்' என்று பெயர். இல்லத்தரசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே பேச்சுவழக்கில் இவ்வாறு தேய்ந்தது. கப்பலில் இல்லத்தரசி இல்லை. ஆகவே துணிச்சுருளே அவளுடைய வேலையைச் செய்தது. உடையைச் செப்பனிடுவதற்கென மாலுமிகளுக்கு விடப்பட்ட அரைநாள், 'மேக் அண்ட் மெண்ட்' என அழைக்கப்பட்டது. பிற்காலத்தில் எந்த அரைநாள் ஓய்வுக்கும் கடற்படையில் அப்பெயரே நிலைத்துவிட்டது. உலகின் ஒரு பெரிய கடற்படை கந்தல் தைப்பதை இழிவாக எண்ணவில்லை என்பது இங்கே கருதத்தக்கது.

இனி, செய்முறை. முதற்படி துண்டுகளைத் தரம் பிரித்தலாகும். பருத்தியா, செயற்கை இழையா என்று ஐயம் எழுந்தால், ஓர் இழையை உருவிக் கிடுக்கியாற் பிடித்து, நீர்ப் பாத்திரத்தின் மேலே வைத்துத் தீ காட்டிப் பார்க்கலாம். பருத்தி, கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். ஊசிமெத்தையின் மேலுறைக்கு நெருக்கமாக நெய்த பருத்தி நன்று. பழைய சாரம், கைத்தறிச் சேலையின் முந்தானை, சட்டையின் முதுகுப்புறம் ஆகியவை ஏற்றவை. தளர்ந்த நெசவில் ஊசித்துளை விரிந்து, உள்ளீடு வெளியே உதிரும்.

இரண்டாவது படி கழுவுதல். புதுத்துணியில் கஞ்சி இருக்கும். கஞ்சி ஈரத்தை உறிஞ்சும், பூச்சியையும் அழைக்கும். ஆகவே துண்டுகளைச் சவர்க்காரமிட்டு நன்னீரில் இருமுறை அலச வேண்டும். கடலை அடுத்த கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாக இருக்குமாதலால், கடைசி அலசலுக்கு மழைநீரையோ குழாய்நீரையோ கொள்ளுதல் சாலச் சிறந்தது. உவர்நீரில் அலசிக் காயவைத்த துணியில் ஊசியைக் குத்திவைப்பது, பகைவன் வீட்டிலேயே பிள்ளையை விட்டுவைப்பது போலாகும்.

முதற் கருவி ஊசிமெத்தை. இதற்குத் தேங்காய்ச் சிரட்டை நல்ல இருக்கை. கண்ணில்லாத பாதியை எடுத்து, தும்பு நீக்கி, தச்சர் மரத்தை மெருகிடும் அரத்தாளால் உள்ளும் புறமும் தேய்த்துக்கொள்ள வேண்டும். சிரட்டை வாயின் குறுக்களவைப்போல் இரண்டரை மடங்கு குறுக்களவுள்ள வட்டமாகத் துணியை வெட்ட வேண்டும். விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி, இரட்டை நூலால் ஓட்டுத்தையல் போட்டு, நூலை அறுக்காமல் விட வேண்டும். வட்டத்தின் நடுவில் உள்ளீட்டைக் குவித்து, நூலை மெல்ல இழுத்தால் துணி பையாகச் சுருங்கும். வாயை மூடுமுன் தடித்த அட்டைத் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி அடியில் வைத்துவிட்டால், நீண்ட ஊசியும் மறுபக்கம் துளைத்துக் கையைக் குத்தாது. பின்னர் நூலை இறுக்கி முடிச்சிட்டு, பந்தைச் சிரட்டைக்குள் பசையிட்டு அழுத்த வேண்டும். சிரட்டை உருளாமலிருக்க, தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாடுபோலச் சிறு துணிவளையம் ஒன்றைத் திரித்து அடியில் ஒட்டினாற் போதும். உள்ளீடு போதும் என்று கண்ணுக்குத் தோன்றும் அளவுக்கு மேலும் ஒரு மடங்கு அடைக்க வேண்டும். தளர்ந்த மெத்தையில் ஊசி உள்ளே மூழ்கிக் காணாமற் போகும்.

ஊசிமெத்தையின் உயிர் அதன் உள்ளீட்டிலேதான் இருக்கிறது. கடற்கரை ஊரில் இதனை ஆராய்ந்து தெரிதல் வேண்டும். தேங்காய்த் தும்பு எளிதிற் கிடைக்கும். ஆனால் மட்டைகளை உவர்நீரில் ஊறவைத்துத் தும்பெடுப்பது பலவிடங்களில் வழக்கமாதலால், அதில் உப்புத் தங்கியிருக்கும். அரிசியும் உமியும் வண்டையும் எறும்பையும் எலியையும் வரவழைக்கும். பாத்திரம் துலக்கும் இரும்புநார் ஊசியைக் கூராக்கும் என்று சிலர் கூறுவர். இங்கே அதுவே முதலில் துருப்பிடித்து ஊசிக்கும் துருவை ஒட்டிவிடும். மரத்தூள் நன்கு வெயிலிற் காய்ந்ததாயின் குற்றமில்லை. ஆட்டுக் கம்பளி மயிர் மிக நல்லது. அதிலுள்ள இயற்கைக் கொழுப்பு ஊசியைக் காக்கும். இதே காரணத்தால், சீப்பில் உதிரும் கூந்தலையும் முன்னாளில் மேனாட்டார் ஊசிமெத்தையில் அடைத்து வந்தனர். ஊசியைத் தலைமுடியில் ஒருமுறை உரசிவிட்டுத் தைக்கும் பழக்கம் நம் மூத்த தையற்காரரிடமும் உண்டு. தலையிலிட்ட எண்ணெயின் பயனே அது. உதிர்ந்த கூந்தலை வீட்டில் வைக்க மனம் ஒப்பாதவர்க்கு இலவம்பஞ்சு இருக்கிறது. இலவம்பஞ்சின் இழைமேல் மெழுகுத்தன்மை கொண்ட பூச்சு இயற்கையாகவே உள்ளதால் அது நீரை எளிதில் ஏற்பதில்லை. ஒரு காலத்திற் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளை அதனால் நிரப்பியதும் இக்குணம் பற்றியே. மாலுமியைக் கடலினின்றும் காத்த பஞ்சு ஊசியையும் கடற்காற்றினின்றும் காக்கும்.

இரண்டாவது கருவி ஊசிப் புத்தகம். எட்டு அங்குல நீளமும் நான்கு அங்குல அகலமும் உள்ள தடித்த துணி இதற்கு மேலட்டை. பழைய காற்சட்டைக் கால் இதற்கு மிகப் பொருத்தம். அதனைவிடச் சற்றுச் சிறிய மூன்று தாள்களைப் பழைய கம்பளிப் போர்வையிலிருந்தோ பிளனல் துணியிலிருந்தோ வெட்டி, உள்ளே அடுக்கி, நடுவில் மடித்து, மடிப்பின் மேலேயே பின்தையல் போட்டுவிட்டாற் புத்தகம் முடிந்தது. தாள்கள் பருத்தியாயின், மெழுகுதிரியால் இலேசாகத் தேய்த்துவிடுதல் நன்று. ஒவ்வொரு தாளுக்கும் ஓர் அளவு ஊசி என வகுத்து, எண்ணை நூலால் எழுதி வைக்கலாம். கையூசியில் எண் பெருகப் பெருக ஊசி மெலியும். பொறியூசியில் எண் பெருகப் பெருக ஊசி தடிக்கும். இவ்வேறுபாட்டை அறியாமல் மாறி வாங்கி ஏமாறுவோர் பலர். ஊசிகளை எண்ணி வைப்பதற்கும் புத்தகம் உதவுகிறது. வேலை முடிந்ததும் தாளைப் புரட்டினால், பத்தில் ஒன்று குறைந்திருப்பது உடனே தெரியும். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் அந்த ஓர் ஊசி பெரும் அபாயம். விளக்கு வைத்தபின் ஊசியைக் கைமாற்றலாகாது என்று முன்னோர் விதித்ததன் உட்பொருளும் இதுவாகவே இருத்தல் கூடும்; மங்கிய வெளிச்சத்தில் விழுந்த ஊசியைக் கால்தானே முதலிற் கண்டுபிடிக்கிறது!

மூன்றாவது, மாலுமியின் ஹஸிஃப்பை ஒத்த தையற் சுருள். பதினைந்து அங்குல நீளமும் ஐந்து அங்குல அகலமும் உள்ள இரு துண்டுகள் வேண்டும். புறத்துக்குத் தடித்த துணி. அகத்துக்கு மெல்லிய பருத்தி. நல்ல பக்கங்கள் உள்ளே இருக்க வைத்து மூன்று பக்கமும் தைத்து, புரட்டி, நான்காம் பக்கத்தையும் மூட வேண்டும். ஒரு முனையை மூன்றரை அங்குலம் மேலே மடித்து இருபுறமும் தைத்தால் பொத்தானுக்கும் நூல் அட்டைக்கும் பை கிடைத்துவிடும். நடுவிலே மூன்று அங்குலச் சதுரப் பிளனல் துண்டு ஒன்றை மேல்விளிம்பு மட்டும் பற்றித் தைத்தால் அது ஊசிக்கு இடமாகும். மறுமுனையில் விரற்பருமனுள்ள சிறு திண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் அது குண்டூசிக்கு இடமாகும். பைமுனையின் புறத்தே முழநீள நாடாவின் நடுப்பகுதியைத் தைத்து, திண்டிலிருந்து சுருட்டத் தொடங்கினால், முடிவில் நாடா வெளியே வந்து கட்டுவதற்கு வசதியாக நிற்கும். வீடு வீடாகச் சென்று தைத்துக் கொடுப்போருக்கும், வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பெருந்துணை.

ஏனைய சிறு கருவிகளைச் சுருங்கச் சொல்லலாம். கிழிந்த தோற்பையின் துண்டு விரலுறையாகும். பழைய இடுப்புவாரின் துண்டுகள் இரண்டைச் சேர்த்துத் தைத்தால் கத்தரிக்கோலுக்கு உறையாகும். பிஸ்கட் பேணி பொத்தானுக்குப் பெட்டகம். வெளிப்பெட்டி அட்டையில் இருபுறமும் பல்வெட்டினால் நூல் சுற்றும் அட்டை. அகன்ற பழந்துணி தையற்பொறிக்கு இராப் போர்வையாகும். பொறியின் பாதத்தின்கீழ் மெழுகிட்ட சிறு துண்டொன்றை வைத்து ஊசியை அதிலே இறக்கிவிட்டால் இரவெல்லாம் அது காப்பாக இருக்கும். முறிந்த ஊசிகளைக் குப்பையில் எறியாமல் மூடியுள்ள போத்தலொன்றிற் சேர்த்து வைத்தல், குப்பை அள்ளுவோருக்குச் செய்யும் அறமாகும்.

இவ்வளவு காவலையும் மீறிக் கறை விழுந்துவிட்டால், வெள்ளைப் பருத்தித் துணியில் தேசிக்காய்ச் சாற்றையும் உப்பையும் தடவி, வெயிலிற் சற்று வைத்து, நன்னீரில் நன்றாக அலச வேண்டும். ஒருமுறையிற் போகாவிடின் மீண்டும் செய்யலாம். வெளுக்கும் குளோரின் நீரைத் துருக்கறையில் ஊற்றுவது பெரும் பிழை. அது கறையைப் போக்குவதற்குப் பதிலாகப் பதியவைத்துவிடும்.

ஒட்டுத்துணியின் கதை ஒரு வீட்டோடு முடிவதன்று. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூலை உருவி, காந்தா என்னும் அழகிய போர்வைகளைத் தைத்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியாவில் 1941 முதல் 1949 வரை உடைப் பங்கீடு நிலவியபோது, பழையதைத் திருத்தி உடுத்தும் முறைகளை அரசாங்கமே துண்டுநூலாக வெளியிட்டது. இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின்பின், 1978இல் கட்டுநாயக்க வலயம் தொடங்கியது. ஆடைத்தொழில் நாட்டின் முதன்மையான ஏற்றுமதிக் கைத்தொழிலாக வளர்ந்தது. ஆடை வெட்டும் மேசையில் துணியில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு வெட்டுக்கழிவாகப் போதல் இயல்பு. வீட்டுத் தையற்காரியின் காலடியில் கிடப்பது பிடியளவு. தொழிற்சாலையிற் கிடப்பது மலையளவு.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை திருகோணமலைக் கரையையும் தமிழ்நாட்டுக் கரையையும் ஒருங்கே தாக்கியது. அதன்பின், புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இயங்கும் உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பு நிலையம், உமா பிரஜாபதியின் முயற்சியால், அயலிலுள்ள மீனவக் கிராமப் பெண்களுக்கு ஒரு சிறு வேலையைக் கற்பித்தது. தொழிற்சாலையில் மிஞ்சிய துணித்துண்டுகளால் விரலளவுப் பொம்மை செய்வதே அவ்வேலை. அப்பொம்மைக்குச் 'சுனாமிக்கா' என்று பெயர். அது விற்கப்படுவதில்லை; பரிசாகவே கொடுக்கப்படுகிறது. பெறுவோர் மனமுவந்து தரும் நன்கொடையிலிருந்து செய்தவர்க்கு ஊதியம் செல்கிறது. கடலைக் கண்டாலே நடுங்கியிருந்த பெண்கள் கூடியிருந்து தைத்தபோது பேச்சு வந்தது. பேச்சோடு துணிவும் வந்தது. ஒட்டுத்துணியின் விலை சந்தையில் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று என்பதற்கு இது சான்று.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. ஊசிமெத்தை செய்து விற்றே குடும்பத்தை நடத்தலாம் என்று ஆசை காட்டுவது தவறு. துணி இலவசம்; நேரம் இலவசமன்று. ஒரு மெத்தைக்கு ஒரு மணி நேரம் சென்றால், அந்த ஒரு மணிக்குச் சட்டை தைத்திருந்தாற் கிடைக்கும் கூலியையும் கணக்கிற் கொள்ள வேண்டும். முதலில் தன் தொழிலைக் காக்கவே தையற்காரி இவற்றைச் செய்துகொள்ளல் வேண்டும். கறைபடாத ஒரு சீருடையே இக்கருவிகள் ஈட்டித் தரும் முதல் வருமானம். கச்சான் வீசும் மாதங்களில், வேலை குறைந்திருக்கும் பிற்பகல்களில் மேலும் சிலவற்றைச் செய்துவைத்தால், பழக்கமானவர்க்குப் பரிசாகவும் கொடுக்கலாம். கேட்பவர்க்கு விலையாகவும் கொடுக்கலாம்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றனர் முன்னோர். கட்ட உதவாத கந்தையும் கசக்கி உலர்த்தினால் ஊசிக்கு வீடாகும். வாடைக்காற்று துறைமுகத்தின்மேல் எழுந்து, மழை ஓட்டிலே சாரலடிக்கும் மார்கழி இரவில், பிள்ளைகளின் வெண்சட்டைகள் மடித்து வைத்த மேசையின்மேல் அந்தச் சிரட்டை மெத்தை இருக்கும். அதில் ஊசி நின்றுகொண்டிருக்கும். காலையில் எடுக்கும்போதும் அது வெள்ளையாகவே இருக்குமானால், அதுவே அவ்வீட்டின் சிறு வெற்றி.